பிஞ்சு மூளையிலும் ஒரு வியாபாரமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராயபுரத்தில் எங்கள் சங்க ஆபீசுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். புருஷன் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். மனைவி செக்கிங் வேலை பார்த்தவள். இப்போது வேலைக்குப் போக முடியவில்லை. காரணம் அவள் தோளில் கிடந்தது. இரண்டரை வயதுக் குழந்தை. கழுத்து நிற்கவில்லை. ஒரு கை விறைத்து மடங்கிக் கிடக்கிறது. பார்வை எங்கோ போகிறது.

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். வெளியூரில் உள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தின் பில். "ஸ்டெம் செல் சிகிச்சை, முதல் தவணை" என்று போட்டிருந்தது. தொகை 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்! தாலிக்கொடி போயிற்று. தாராபுரம் பக்கத்தில் காட்டு வேலை செய்யும் மாமனாரின் இரண்டு கறவை எருமைகள் போயின. மீதி வட்டிக்கு வாங்கியது.

அந்தத் தாய் கேட்டாள்: "அண்ணா, ரெண்டாவது ஊசிக்குப் பணங்கட்டச் சொல்றாங்க. கட்டாட்டி மொத ஊசியும் வீணாப் போயிருமாமுங்க. கட்டலாமுங்களா?"

நான் பத்தாவது படித்தவன், டாக்டர் அல்ல. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். விஷயம் தெரிந்த டாக்டர்களிடம் போனேன். அவர்கள் காட்டிய ஆய்வுகளை அவர்களையே விளக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். இது அவள் ஒருத்தியின் கேள்வி அல்ல. பல குடிசைகளின் கேள்வி.

*மூளைக்கு என்ன நேர்ந்தது?*

இந்தக் குழந்தை வயிற்றில் நோயோடு வளர்ந்த குழந்தை அல்ல. எட்டாம் மாதம் வரை தாய் நின்றுகொண்டே ஒன்றரை ஷிப்டு வேலை பார்த்தாள். ரத்தம் குறைவு என்று முதல் பரிசோதனையிலேயே சொல்லியிருக்கிறார்கள். வலி கண்டது இரவில். போன இடத்தில் சிசேரியன் செய்ய ஆள் இல்லை. வேறிடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேர்ந்து குழந்தை வெளியே வந்தபோது அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. அடுத்த நாள் வலிப்பு கண்டது.

பிரசவ நேரத்தில் குழந்தையின் மூளைக்கு ரத்தமும் பிராணவாயுவும் நின்று போனால் ஏற்படும் சேதம் இது. இதை டாக்டர்கள் இரண்டு கட்டமாகச் சொல்கிறார்கள். மூச்சு முட்டும் நேரத்தில் சில மூளைச் செல்கள் உடனே சாகின்றன. பிறகு மூச்சு திரும்புகிறது. நிலைமை சற்றுத் தெளிகிறது. ஆனால் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருகிறது. வீக்கமும் அழற்சியும் உண்டாகிச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. இது பல நாட்கள் நடக்கும்.

வைத்தியம் செய்ய வழி உண்டென்றால் அது இந்த இடைவெளியில்தான். பல ஆராய்ச்சிகள் இந்த இரண்டாவது அலையைத் தடுக்கத்தான் முயல்கின்றன. நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் குடிசையில் பாதியாவது மிஞ்சும். இரண்டரை வருஷம் கழித்துச் சாம்பல் மேட்டுக்குத் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு 3 லட்சத்து 40 ஆயிரம் வாடகை கேட்பவனை என்னவென்று சொல்வது?

*விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளா?*

"ஏழைக்கு ஒரு புதிய வைத்தியம் கிடைத்தால் உங்களுக்குப் பொறுக்காதா? விஞ்ஞானத்தை எதிர்க்கிறீர்களா?" என்று இந்த வியாபாரிகளின் ஏஜெண்டுகள் கேட்பார்கள்.

இல்லை ஐயா! ஸ்டெம் செல் என்பது பித்தலாட்டம் அல்ல. உடம்பில் வேறு வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல் அது. 1988-ல் பாரிஸ் நகரத்தில் ரத்த நோய் கண்ட ஒரு சிறுவனுக்கு, அவன் தங்கை பிறந்தபோது எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்கும் வேறு சில ரத்த நோய்களுக்கும் இன்று இது நிலைநாட்டப்பட்ட வைத்தியம். அதை யார் மறுத்தார்கள்?

பிறந்த குழந்தையின் மூளைச் சேதத்துக்கும் இதைப் பயன்படுத்த முடியுமா என்று நேர்மையான விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் பிரசவத்தில் மூச்சுத் திணறிய 23 குழந்தைகளுக்கு, அவரவர் தொப்புள்கொடி ரத்தத்தையே செலுத்தி 2014-ல் அறிக்கை தந்தார்கள். கொடுக்க முடிகிறது என்றுதான் அது காட்டியது. குணமாகிறது என்று காட்டவில்லை. பிறகு, ஒரு பகுதிக்குச் செல்லும் மறு பகுதிக்கு வெறும் திரவமும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முயன்றார்கள். போதுமான குழந்தைகள் சேராமல் அது பாதியில் நின்றது. சேர்ந்த 35 குழந்தைகளில் பலன் தெரியவில்லை என்று 2023-ல் எழுதினார்கள்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகர ஆஸ்பத்திரியில், மூளை ரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் கண்ட 10 பச்சைக் குழந்தைகளுக்குச் சுமார் 5 கோடி ஸ்டெம் செல்களை மூக்கு வழியே சொட்டு சொட்டாக விட்டார்கள். 2022-ல் முடிவு வந்தது. பெரிய கெடுதல் எதுவும் இல்லை என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் அதில் இல்லை. ஆகவே குணமாயிற்று என்று அவர்களே சொல்லவில்லை.

மூளை முடக்குவாதம் வந்து வளர்ந்துவிட்ட குழந்தைகள் விஷயம் என்ன? டியூக்கிலேயே 63 பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு தரப்புக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. அதிக அளவு செல் பெற்றவர்களிடம் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே இன்னும் ஆராய வேண்டும் என்றார்கள்.

இதுதான் விஞ்ஞானத்தின் குரல். "இன்னும் தெரியவில்லை, தேடுகிறோம்" என்கிறது அது. "எங்களுக்குத் தெரியும், பணத்தைக் கட்டு" என்பது கடைக்காரன் குரல். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்!

*சென்னையில் கற்ற பாடம்*

"தெரியாவிட்டால் என்ன? கெடுதல் ஒன்றும் இல்லையே, செய்து பார்த்தால் போகிறது" என்று சில படித்தவர்களே பேசுகிறார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது.

மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடம்பை முதல் 6 மணி நேரத்துக்குள் குளிர்வித்து, 33, 34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருப்பது ஒரு வைத்தியம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சோதித்து, குழந்தைகள் பிழைப்பதையும் ஊனம் குறைவதையும் கண்டு, அங்கே வழக்கத்துக்கே வந்துவிட்டது. அங்கே நல்லது இங்கேயும் நல்லதுதானே என்று எவரும் நினைப்பார்கள்.

ஆனால் சில டாக்டர்கள் நினைப்போடு நிற்கவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காள தேசம் மூன்றிலும் 7 ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் நடந்தது அந்த ஆய்வு. சென்னை அரசு ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. முடிவு 2021-ல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 100-க்கு 31 பேர். அந்த வைத்தியம் இங்கே உதவவில்லை, மரணத்தைக் கூட்டியது! நம்மைப் போன்ற நாடுகளில், பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும், இதைச் செய்ய வேண்டாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். பணக்கார நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பலித்த ஒரு வைத்தியமே நம் குழந்தைகளிடம் வேறுவிதமாக நடந்திருக்கிறது. அப்படியிருக்க, உலகில் எங்குமே நிரூபிக்கப்படாத ஒன்றை நம் பிள்ளைகளின் முதுகெலும்பில் ஊசியால் ஏற்றிவிட்டு, "கெடுதல் இல்லை" என்று சொல்ல இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வேறுவிதமாக ஏன் நடந்தது? இந்தக் குழந்தைகளின் ரத்தத்தையும் பணக்கார நாட்டுக் குழந்தைகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டு, அதே ஆய்வாளர் குழு மேலும் தேடியது. அங்கே சேதம் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் திடீரென்று விழும் ஒரு அடி. இங்கேயோ, கர்ப்பத்தின் போதும் பிரசவத்தின் போதும் விட்டு விட்டுப் பிராணவாயு குறைந்ததன் அடையாளம் தெரிகிறது. தாயின் சத்துக்குறைவு, தொற்று நோய் போன்ற நீண்ட நாள் கஷ்டங்கள் காரணமாகலாம் என்கிறார்கள்.

பச்சையாகச் சொன்னால் என்ன அர்த்தம்? தாயின் அரைவயிற்றுக் கஞ்சி, பிறக்காத பிள்ளையின் மூளை வரை போய் நிற்கிறது! இதற்கு எந்தக் கம்பெனியிடம் ஊசி இருக்கிறது?

*விதி இருக்கிறது, கேட்பார் இல்லை*

சர்க்காருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் ஸ்டெம் செல் "ஆராய்ச்சி" என்பதோடு "சிகிச்சை" என்ற சொல்லும் இருந்தது. 2013-ல் திருத்தியபோது "சிகிச்சை" என்ற சொல்லை வேண்டுமென்றே நீக்கினார்கள். காரணம், அது இன்னும் சிகிச்சையாகவில்லை! 2017-ல் வந்த நெறிகளும் அதையே உறுதியாகச் சொல்கின்றன. ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றுக்கு மட்டுமே இதை வைத்தியமாகச் செய்யலாம். மற்ற எதற்கும் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வுக்கு வரும் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது.

ஒரு காசும் வாங்கக்கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தில் 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ரசீது போடுகிறான்!

தைரியம் எங்கிருந்து வந்தது? நெறி வேறு, சட்டம் வேறு. 2019-ல் வந்த புதிய மருந்து விதிகள் ஸ்டெம் செல்லில் இருந்து தயாரித்த பொருளைப் புதிய மருந்து என்கின்றன. ஆனால் செல்லைப் பெரிய அளவில் மாற்றித் தயாரித்தால்தான் அந்தக் கணக்கில் வரும். வியாபாரி என்ன செய்கிறான்? குழந்தையின் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, மெஷினில் சுழற்றிப் பிரித்து, அன்றே அந்தக் குழந்தைக்கே ஏற்றிவிட்டு, "நான் எதையும் மாற்றவில்லையே!" என்கிறான். கம்பிவேலியில் ஒரு பொத்தல். அதில் லாரியே போகிறது.

அந்தத் தம்பதி கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். "பலன் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை" என்று அதில் எழுதியிருக்கிறது! வாயால் தமிழில் நம்பிக்கை. காகிதத்தில் இங்கிலீஷில் கைகழுவல். பீஸ் ரேட்டில் நம்மை ஏமாற்றும் காண்டிராக்டர்கூட இவனிடம் பாடம் கேட்க வேண்டும்.

*தொப்புள்கொடியிலும் வசூல்*

இன்னொரு கடையும் திறந்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்பே வந்து, "உங்கள் பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தை எங்கள் பாங்கியில் சேமித்து வையுங்கள், நாளைக்கு மூளை நோய் வந்தாலும் காப்பாற்றும்" என்று பல பத்தாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். மாதத் தவணை வசதியும் உண்டாம்!

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் இதை ஆராய்ந்து எழுதியது. ஒரு பிள்ளைக்குத் தன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் பயன்படக்கூடிய வாய்ப்பு, மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 2,500-ல் ஒன்று. குறைவாகக் கணக்கிட்டால் 2 லட்சத்தில் ஒன்று! குடும்பத்தில் ஏற்கெனவே ரத்த நோய் உள்ள பிள்ளை இருந்தால் அது வேறு விஷயம். மற்றவர்களுக்கு இது லாட்டரிச் சீட்டு.

அதைவிட முக்கியமான ஒன்று. அந்த ரத்தம் யாருடையது? குழந்தையுடையது. பிறந்தவுடன் அவசரப்பட்டுக் கொடியை வெட்டாமல் ஒரு நிமிஷமாவது பொறுத்தால், அந்த ரத்தம் தானாகவே குழந்தைக்குள் போகிறது. அதன் இரும்புச் சத்து பின் மாதங்களில் சோகை வராமல் காக்கிறது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014-ல் சொல்லியிருக்கிறது. மூச்சு வராமல் திணறும் குழந்தைக்கு மட்டும் உடனே உதவ வேண்டியிருக்கும். குழந்தைக்கு இலவசமாகச் சேர வேண்டிய ரத்தத்தைப் பையில் பிடித்து, அதையே காப்பாற்றி வைக்கிறேன் என்று வாடகை வாங்குவதற்குப் பெயர் பாங்கியாம்!

*நோய் பிறக்கும் இடம்*

சரி, வழி என்ன? மூளைக்குச் சேதம் வந்தபின் ஓடுவதல்ல; வராமல் காப்பதே முதல் வழி. அதற்கு லட்சங்கள் வேண்டாம்.

பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்கச் சிறிது உதவி வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். சிலவற்றுக்குக் கையால் அமுக்கும் காற்றுப்பையை முகத்தில் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். முதல் ஒரு நிமிஷத்துக்குள் இது நடக்க வேண்டும். இதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஒரு நர்ஸும் வேலை செய்யும் ஒரு காற்றுப்பையும்தான். வலி நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும். துடிப்பு இறங்கினால் அந்த நேரத்திலேயே சிசேரியன் செய்ய டாக்டரும், மயக்க மருந்து டாக்டரும், ரத்தமும் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் வேண்டும்!

இன்னும் முன்னால் போங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு ரத்தசோகை. யார் இவர்கள்? நம் செக்கிங் டேபிளில் நிற்பவர்கள், கைமடிக்கும் பெண்கள், நாற்று நடுபவர்கள், களை பறிப்பவர்கள்.

சட்டம் 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ லீவு என்கிறது. ஈ.எஸ்.ஐ.க்கு நம் சம்பளத்தில் 100-க்கு முக்கால் ரூபாய், முதலாளி மூன்றேகால் ரூபாய் என்று 2019-ல் விகிதம் வைத்தார்கள். ஆனால் காண்டிராக்டர் கணக்கில் வேலை செய்பவள் பெயர் ரிஜிஸ்தரில் ஏறினால்தானே லீவு? பெயரே இல்லாதவளுக்கு 26 வாரம் எங்கே, 26 நாள் எங்கே? வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கோ லீவும் இல்லை, முதலாளி பங்கும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பிரசவ உதவிதான் துணை. அதுவும் தவணை தவறாமல் வர வேண்டும்.

2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், ரத்தம், வண்டி, நோயுற்ற சிசுவின் வைத்தியம் எல்லாம் இலவசம் என்று மத்திய சர்க்காரின் திட்டம் இருக்கிறது. 2022-ல் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் கட்டடம் பிரசவம் பார்க்காது. பிரசவ அறையில் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நர்ஸ், எத்தனை டாக்டர் என்பதே கேள்வி. கோடி கோடியாக அந்நியச் செலாவணி ஈட்டும் ஊர் இது. அதை ஈட்டித் தருபவள் பிரசவ வலியோடு ஊர் ஊராக அலையலாமா?

*நாம் கேட்பது இதுதான்*

குழந்தைகளின் மூளைச் சேதத்துக்கு ஸ்டெம் செல் என்று பணம் வாங்குவதைத் தண்டனையுள்ள குற்றமாக்கு! வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வை! ஆராய்ச்சியை நிறுத்தாதே, அரசு ஆஸ்பத்திரியில், அரசு செலவில், பெற்றோருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லி நடத்து! பிரசவம் நடக்கும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும் போடு! கர்ப்பிணிக்கு ஓவர்டைம் கொடுக்காதே; உட்கார நாற்காலி கொடு; ஒவ்வொரு பெண் பெயரையும் ஈ.எஸ்.ஐ.யில் ஏற்று!

ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் ஊசி இல்லை என்பதால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். இளம் மூளை வளரும் மூளை. பழக்கப் பழக்கக் கற்றுக்கொள்ளும். வலிப்பு மருந்தை விடாமல் கொடுங்கள். மாவட்டத்தில் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். மூளை முடக்குவாதம் 2016-ம் வருஷச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட ஊனம். அடையாள அட்டை வாங்குங்கள். மாத உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். நிராமயா என்ற அரசுக் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவு கேட்கலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்கு வாருங்கள். அதற்குத்தான் மேஜையும் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள். "கட்டாதே, அம்மா. முதல் ஊசி வீணாகிவிடும் என்பது பொய். அது போட்ட அன்றே வீண்தான்" என்றேன். அவள் அழுதாள். புருஷன் தலை குனிந்தார். "நாங்கதான் ஏமாந்துட்டமுங்களா?" என்றார்.

இல்லை தோழர். பெற்ற பிள்ளைக்காகத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவன் அதை வாங்கிக்கொண்டவன், வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

திங்கள், வியாழன் இரு நாளும் அந்தத் தாய் குழந்தையைப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் மனு தயாராகிவிட்டது. இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஒரு ரசீதை அவர்கள் கிழித்து எறிவார்கள். நூறு ரசீதைக் கிழிக்க முடியாது!